கைதட்ட வந்தவர்கள்

வேதாச்சலத்துக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே குமட்டியது. திருப்பதி ஏசி மண்டபத்தில் அறுபது பேர், அவர் போட்ட பிரியாணியை வழித்துத் தின்றுவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருளர் காலனித் தலைவி வெங்கடம்மாவுக்கு 'ஏரிக் காவலர்' விருது. மூன்று வருடமாக, ஏரியில் மண் அள்ளும் வேதாச்சலத்தின் லாரிகளை மறித்து நின்றவள் அவள்தான். "காலனியில ஒரு ஆளு மிஞ்சக் கூடாது, எல்லாரும் விழாவுக்கு வரணும்" என்று இரண்டு பஸ் அனுப்பியவர் இவர்தான்.

"ஏரி நம் தாய்!" என்று மைக்கில் உருகிவிட்டு அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒரு சால்வைக்கு விழுகிற ஜென்மங்கள் என்று உள்ளுக்குள் சிரித்தபடி நாற்காலியில் சாய்ந்தார்.

செல்போன் அதிர்ந்தது. ஏரிக்கு ஜேசிபி கொண்டுபோன டிரைவர் ரகு.

"அண்ணா, வண்டிய எறக்க முடியல. கரை மேல காலனி சனம் மொத்தமும் குந்திகினு கீது!"

"உளறாதடா! அத்தினி பேரும் இங்க என் கண்ணு முன்னாடி கீறாங்க!"

பக்கத்து நாற்காலியில் இருந்த வெங்கடம்மா அவர் காதருகே சாய்ந்தாள்.

"இவங்க நகரி ஊரு தறிக்காரங்க சாமி. பிரியாணின்னு சொன்னேன், காலையிலயே எங்க காலனிக்கு வந்து உன் பஸ்ஸுல ஏறிட்டாங்க."

வேதாச்சலம் முதல்முறையாகக் கூட்டத்தை உற்றுப் பார்த்தார்.

வெங்கடம்மா பொன்னாடையை உருவி அவர் மடியில் போட்டாள்.

"மூணு வருசமா எங்களோட மல்லுக்கட்டுற. எங்கள்ல ஒருத்தர் மூஞ்சியயாவது பாத்திருக்கியா?"