திருக்கைவால்

பெரிய வெள்ளிப் பின்னேரம், வங்காலைக் கோயில் முற்றத்துப் பாஸ்கு நாடக மேடையில், யேசு வேஷம் கட்டிய வஸ்தியான் கற்றூணைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறான். கசையடிக்கும் சேவகனாக வந்த சந்தியோகுவின் கையில் இருப்பது சாயம் தோய்த்த தும்புக்கயிறு அல்ல. முள்ளோடு காய்ந்த திருக்கைமீன் வால். துரையின் வழக்குக் கோட்டில் வஸ்தியான் சொன்ன பொய்ச்சாட்சியால்தான் சந்தியோகுவின் தம்பி மறியல் சிறையில் அடிபட்டுச் செத்தான். அந்த அடியெல்லாம் இன்றைக்கு இந்த முதுகில் இறங்க வேண்டும். மேற்கு வெயிலில் வால் மினுங்குகிறது. வஸ்தியான் அதைக் கண்டுவிடுகிறான். அடி படாமலிருக்க அங்கிக்குள் கட்டியிருந்த சாக்கை உருவிக் கீழே போடுகிறான். “பொய்தான் சொன்னனான், சந்தியோகு. இனி ஆண்டவற்ற சித்தம்போல நடக்கட்டும். அடி.” கீழே சனம் மாரடித்து அழுகிறது. சந்தியோகுவுக்கு ஆத்திரம் தலைக்கேறுகிறது. இவன் அலற வேண்டும், காலில் விழுந்து கெஞ்ச வேண்டும் என்றல்லவா தவக்காலம் முழுக்க வாலைக் காயவைத்தான்! கோயில் முகட்டுச் சிலுவையை முறைத்துப் பார்க்கிறான். “இதையும் பறிச்சுப்போட்டீர், என்ன?” பல்லைக் கடித்தபடி திருக்கைவாலை எறிகிறான். குனிந்து சாக்கை எடுத்து, அந்த முதுகிலேயே திரும்பக் கட்டுகிறான். முடிச்சை இழுக்கிற இழுவையில் வஸ்தியானுக்கு மூச்சு முட்டுகிறது.