அந்த ஒரு வரி

"ஊசிக் கம்பெனி சமரசத்துக்கு வந்திருக்கு, அண்ணா. பணம் தருவாவ. ஆனா இந்த ஒரு வரிய சேத்திருக்காவ," என்றார் வக்கீல் ரெஜித்.

"வாசியுங்க சாரே," என்றார் பொன்னப்பன்.

"'அனுமோள் இறந்ததற்குத் தடுப்பூசி காரணம் அல்ல என்று மனுதாரர் ஒப்புக்கொள்கிறார்.' மூணு வருஷம் கேஸ் நடத்துனது இதுக்கா? நாம விடாண்டாம்."

பொன்னப்பன் பேனாவை எடுத்தார். "எங்க ஒப்பு போடணும்?"

ரெஜித்தின் முகம் சுண்டியது. பெற்ற மகளை இப்படி விட்டுக்கொடுப்பார் என்று அவர் நினைக்கவில்லை.

"இத மலையாளத்தில எழுதி ஒரு நகல் வேணும், சாரே. அதிலயும் ஒப்பு போடுதேன்."

தனுவச்சபுரத்தில் பஸ் இறங்கி வீட்டுக்குப் போனார். மனைவி ஷியாமளா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வீடு வீடாகப் போய் ஊசிக்கு ஆள் சேர்த்த ஆஷா சுகாதாரப் பணியாளர் அவள். பயந்து அழுத மகளையும் அவள்தான் கைபிடித்துக் கூட்டிப் போனாள். மகள் போனபின் அவள் வாசல்படி இறங்கவில்லை. மலையாளம் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அவளிடம் அந்த நகலை நீட்டினார்.

"வாசி. நான் சொன்னா நீ நம்பல்ல. இது அவங்களே எழுதித் தந்ததாக்கும்."

விரல் வைத்து, இரண்டு முறை வாசித்தாள்.

"நீங்க இத நம்புதியளா?"

"அடியில ஒப்பு போட்டிருக்கேன்லா," என்றார் பொன்னப்பன்.