நாற்பதாவது மூளை

முப்பத்தொன்பது மூளைகள் பேராசிரியர் சொன்ன பேச்சைக் கேட்டன. நாற்பதாவது மூளை அவர் மானத்தை வாங்கியது.

அது ஒரு தபால்கார அம்மாவின் மூளை.

சோதனை ரொம்பச் சின்னது. முதலில் தின்பண்டங்களின் படத்தைக் காட்டுவார்கள். எவ்வளவு பிடிக்கும் என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். பிறகு ஸ்கேன் மெஷினுக்குள் படுத்துக்கொண்டு, இரண்டிரண்டாகக் காட்டும்போது ஒன்றை எடுக்க வேண்டும். அதிகத் தடவை எடுத்தது எதுவோ, அதில் ஒரு பாக்கெட் கையோடு கிடைக்கும்.

மார்க் கூடினதைத்தான் மூளை எடுக்கும் என்பது பேராசிரியரின் பத்து வருஷக் கட்சி. நாளைக் காலை கட்டுரை போயாக வேண்டும்.

அந்த அம்மா சாக்லேட்டுக்குப் பத்து போட்டார். உப்பு பிஸ்கட்டுக்கு ஒன்று. அப்புறம் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு, வந்த தடவையெல்லாம் உப்பு பிஸ்கட்டையே எடுத்தார்.

பேராசிரியர் பட்டனைத் தட்டிப் பார்த்தார். மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை. மறுபடி படுக்க வைத்தார். மறுபடியும் உப்பு பிஸ்கட்.

"பிடிக்காததைப் போய் எடுக்கிறதுக்கு மூளைன்னு ஒண்ணு எதுக்கும்மா?"

"நேரமாச்சு சார். பிஸ்கட்டைக் கொடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்."

கொடுத்துத் தொலைத்தார். தாளில், 'மதிப்புப் போடத் தெரியாத மூளை. சேர்க்க வேண்டாம்' என்று எழுதினார். அப்படியும் மனசு ஆறாமல் அந்த அம்மாவின் பின்னாலேயே வெளியே வந்தார்.

வராந்தா பெஞ்சில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பாக்கெட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. சாக்லேட் தரவில்லையா என்று கேட்டார்.

"இருக்கிற சர்க்கரைக்கு அது ஒண்ணுதான் குறைச்சல். பேசாம இதைச் சாப்பிடுங்க. வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாது."

மனுஷர் முணுமுணுத்துக்கொண்டே கடித்தார்.

பேராசிரியர் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் கட்சியை விட மனசு வரவில்லை.

"அப்போ சாக்லேட்டுக்கு ஏம்மா பத்து மார்க் போட்டீங்க?"

"எனக்குப் பிடிக்குமான்னு கேட்டீங்க, போட்டேன். எடுக்கச் சொன்னப்போ, யாருக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்."