கூடத்தில் பறந்த கப்பல்

ரேடியோ மெக்கானிக் ரிமோட்டின் குச்சியை இடப்பக்கம் தள்ளினான். மீன் வடிவப் பலூன் மூக்கைத் திருப்பிக்கொண்டு கூடத்தின் குறுக்கே மெல்ல நகர்ந்தது.

"அடேயப்பா! சொன்ன பேச்சு கேக்குதே. என் பையன்கூட இப்படிக் கேக்கமாட்டான்" என்றார் துணிக்கடை முதலாளி. "மோட்டார் சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"சின்ன மோட்டார் சார். கத்தத்தான் செய்யும்."

கடைப் பெயரைச் சுமந்து பறக்க ஓர் ஆகாயக் கப்பல் கேட்டு வந்திருந்தார் அவர். முன்பணம் தந்தால் பெரிய பலூனாக வாங்கி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிடலாம். இல்லாவிட்டால், கையிருப்பைக் கரைத்து வாங்கிப் பலூனில் அடைத்த காஸும் கசிந்து போய்விடும்.

"பிடிச்சுப்போச்சு தம்பி. புதுசா ஒண்ணும் செய்ய வேணாம், இதையே எடுத்துட்டு வாங்க. சாயங்காலம் மைதானத்துல பறக்கணும். ஊரையே கூப்பிட்டிருக்கேன்."

"சார், ஒரு வாரம் டைம் குடுத்தா..."

"எதுக்கு? அதான் ஜம்முனு பறக்குதே! கீழ வண்டியில இருக்கேன், சீக்கிரம் வாங்க."

அவர் படியிறங்கியதும் அவன் படுக்கையறைத் திரைச்சீலையை விலக்கினான்.

இரைந்து சுழலும் மேஜை மின்விசிறியை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி மனைவி நின்றிருந்தாள். பலூன் கனம் தாங்கவில்லை என்று அவன் கழற்றிய இரண்டு மோட்டார்களும் கட்டிலில் கிடந்தன.

கீழே ஹாரன் அடித்தது.

"எல்லாம் காதுல விழுந்துச்சு" என்றாள் அவள். "ஏங்க, மைதானத்துல பிளக் பாயிண்ட் எங்க இருக்கும்?"