காயமில்லாதவன்

கூண்டைத் திறந்ததும் ரத்த வாடை அடித்தது.

ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து ஆண் சுண்டெலிகள். நேற்றுவரை ஒரே பஞ்சுக் கூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கியவை. இன்று ஒன்றுக்கு முதுகும் வாலும் கிழிந்திருந்தன.

"ஐயோ பாவம், இதைத் தனியா எடுத்து வச்சிடவா சாச்சி?" என்றாள் ரிஹாப். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அவள் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"அடி போடி அசடே! அடிபட்டதை எடுத்துட்டா, கடிச்சது அடுத்ததைக் கடிக்கும். உடம்புல ஒரு கீறல் இல்லாம மினுமினுன்னு நிக்குது பாரு, அதைத் தூக்கு."

பதினெட்டு வருடமாக இதுதான் எனக்கு வேலை. கூண்டு மாற்றும்போது அதுகள் படுத்த பஞ்சைப் புதுக்கூண்டில் வைப்பேன். மூத்திரம் ஊறிய மரத்தூளைக் கொட்டிவிடுவேன். பஞ்சு வாசம் அடக்கும், மூத்திர வாசம் சண்டை மூட்டும். என் கூண்டுகளில் சண்டை அபூர்வம் என்று ஆய்வுக்கூடத்து டாக்டரே சொல்வார். பெருமைதான், என்ன செய்ய!

பையில் கைபேசி மறுபடி அதிர்ந்தது. என் இளைய மகன் வஜ்தி. காலையிலிருந்து மூன்றாவது தடவை. பெருநாளுக்கு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறான். சூஸ் நகரத்து ஓட்டலில் வேலை. அவன் முகம் பார்த்து இரண்டு வருடமாகிறது.

அவர்களுடைய வாப்பா மௌத்தான பிறகு அண்ணனும் தம்பியும் ஒரு வீட்டில் இருக்க முடியவில்லை. தினமும் அடிதடி. வீடு நிம்மதியாக இருக்கட்டும் என்று நான்தான் வஜ்தியை வெளியே அனுப்பினேன். மூத்தவன் லுத்ஃபி என்னோடு இருக்கிறான்.

ரிஹாப் காயமில்லாத எலியைத் தூக்கித் தனிக்கூண்டில் விட்டாள். மற்ற நான்கும் கொஞ்ச நேரத்தில் அடங்கின.

கூண்டை மேல்தட்டில் வைக்கக் கையை உயர்த்தினேன். சட்டைக் கை நழுவியது. மணிக்கட்டுக்குக் கீழே நான்கு விரல் தடம், நீலமாகக் கன்றியிருந்தது. ரிஹாப் பார்த்தாள்.

சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து வஜ்திக்குப் போன் போட்டேன்.

"இந்தப் பெருநாளுக்கும் வராதே மகனே."



"நான் என்ன தப்பு பண்ணேன் உம்மா? அன்னைக்கும் மண்டை உடைஞ்சது எனக்குத்தானே?"