சலித்ததில் மிஞ்சிய நாலு வரி

மேசைக்கு இந்தப் பக்கம் ஆபரேட்டர் பூங்கோதை, எதிரே கண்காணிப்பாளர் நமசிவாயம், ஜன்னலோரம் கிளார்க் ஜெரால்டு. கம்ப்யூட்டருக்கு வெளியே வயரில் மாட்டிய டிஸ்க்கில் சேரும் கூட்டுறவு பண்டகசாலைப் பதிவுகள் வாரம் ஒருமுறை பாதியில் அறுந்துபோவது பூங்கோதையின் கவனக்குறைவுதான் என்று மேலிடத்து மெமோ வந்திருந்தது. இன்று மாலைக்குள் பதில் போகாவிட்டால் வேலை போய்விடும்.

கம்ப்யூட்டர் தனக்கு நேர்ந்ததையெல்லாம் தானே எழுதிவைக்கும் கர்னல் பதிவை அவள் திறந்தாள். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடின. டிஸ்க்கின் வயர் கழன்றதைச் சொல்லும் "யுஎஸ்பி துண்டிப்பு" வரிகளை மட்டும் சலித்துத் தரச்சொல்லி ஒரு கட்டளை தட்டினாள். நாலே வரி மிஞ்சியது. நாலும் வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால்.

"அந்த நேரத்துல டிஸ்க்கை எவன்மா கழட்டுறான்?" என்று சீறினார் நமசிவாயம்.

ஜெரால்டு சிரிக்காமல் சொன்னார்: "நீங்கதான் சார். வயரைப் பிடுங்கி, தூக்கித் துடைச்சு, சந்தனம் வச்சு, கும்பிட்டுட்டு மறுபடி சொருகுவீங்க."

நமசிவாயம் வாய் பிளந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அட கடவுளே, கும்பிட்டே உன் வேலைக்கு உலை வச்சிருக்கேனே தாயி!"

பதிலை அவரே எழுதினார். அந்த நாலு வரியையும் அச்செடுத்து இணைத்து, "கழற்றியவன் நானே" என்று கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினார். வாசலில் தபால் வண்டி கிளம்பும் சத்தம். பூங்கோதை உறையைப் பறித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், "அண்ணே, நில்லுங்க!" என்று ஓடினாள்.