துடக்கு வீடு

அழைப்பு மணி அடித்தபோது வெள்ளைச்சி யோகத்தின் மடியில் மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றில் வெந்நீரில் பிழிந்த துணி.

வெள்ளைச்சி ஒரு கீரி. சரியாகச் சொன்னால், கீரிக்கு ஜெர்மனியில் ஒன்றுவிட்ட தங்கச்சி. பிறெட்சன் என்று இங்கே பெயர். ஆசைக்கு வீட்டில் வளர்ப்பார்கள். மேல்மாடிப் பெண் பேர்லினுக்கு வேலை மாறிப் போகும்போது கூட்டோடு கொடுத்துவிட்டுப் போனாள். வயிற்றில் குட்டி இருப்பதை அவளும் சொல்லவில்லை, அதுவும் சொல்லவில்லை.

ஒன்பது நாளைக்கு முன் ஆறு குட்டி போட்டது.

ஆறாம் நாள் பால் கட்டியது. ஒரு பக்கம் கல்லாக இறுகிச் சிவந்து கொதித்தது. குட்டிகள் வாய் வைத்தால் தாய் உதறித் தள்ளியது. மிருக வைத்தியர் ஊசி போட்டு, ஒத்தடம் கொடுக்கவும் குட்டிகளுக்குச் சொட்டுக்குழாயில் பால் விடவும் சொன்னார். திங்கட்கிழமை பின்னேரத்துக்குள் தாய் தானாகச் சாப்பிடத் தொடங்காவிட்டால் தாயும் தங்காது, குட்டிகளும் தங்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

இன்று திங்கள். மணி நாலு.

கோழி ஈரல், முட்டை மஞ்சள், வைத்தியர் தந்த பசை, எல்லாவற்றுக்கும் வெள்ளைச்சி முகத்தைத் திருப்பிவிட்டது. யோகமும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

அழைப்பு மணி மறுபடி அடித்தது. கீரியும் துணியுமாகப் போய்க் கதவைத் திறந்தாள்.

மதுமதி நின்றாள், கையில் ஒரு பை. வருடா வருடம் யோகத்தோடு ஒரே காரில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போகிறவள்.

நேற்றுத்தான் தேர். பதினெட்டு வருடத்தில் யோகம் தவறவிட்ட முதல் தேர். கூப்பிட்ட மதுமதிக்குப் போனில், "நான் வரேல்லை, வீட்டில பிள்ளை பிறந்த துடக்கு" என்று சொல்லிவிட்டு, கையில் சொட்டுக்குழாய் இருந்ததால் உடனே வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்காரர், தீட்டென்று முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிப்பதில்லை. ஆறு குட்டியையும் தன் கையால் ஏந்தித் துடைத்தவள் எந்த முகத்தோடு அம்மனுக்கு முன்னால் போய் நிற்பாள்? "கீரிக்குமோ?" என்று சிரித்த கணவன் சஞ்சயனும், பிறகு சத்தம் போடாமல் வேட்டியை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டான்.

அங்கே சனம் தேர்வடத்தை இழுத்த கையோடு இந்தக் கதையையும் இழுத்தது. யோகம் வீட்டில் பிள்ளையாம்! பெற்றது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தங்கச்சியின் மகள் கனடாவிலிருந்து வந்திருப்பாள் என்றது ஒரு கட்சி. தெரியவில்லை என்பதற்காகச் சும்மா இருக்கிற சனமா அது?

"பெத்தவ எங்கையக்கா? பால்சுறா கொண்டந்தனான். குடுங்கோ, நல்லாப் பால் சுரக்கும்" என்று மதுமதி பையைத் தூக்கிக் காட்டினாள்.

யோகம் துணியை விலக்கிக் காட்டினாள்.

மதுமதி குனிந்து பார்த்தாள். இனிச் சிரிப்பாள் என்று யோகம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு ஊரே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும், இது சாப்பிட்டால் போதும்.

மதுமதி மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தவள். சிவந்த இடத்தில் புறங்கையை மெல்ல வைத்துப் பார்த்து, "அய்யோ, பாவம்" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போனாள்.

"உப்பு, தூள் ஒண்டும் போடக்கூடாது, என்ன?"

பிள்ளை பெற்ற பத்தியக்காரியின் வீட்டில் கேட்பது போலவே கேட்டாள்.

சுறா அவிந்தது. மதுமதி அதை நார் நாராகப் பிய்த்து, ஊதி ஆற்றிக் கொடுத்தாள். யோகம் ஒரு துண்டை விரல் நுனியில் வைத்து நீட்டினாள்.

வெள்ளைச்சி முகத்தைத் திருப்பியது.

பிறகு மூக்கு அசைந்தது. முகம் மெல்லத் திரும்பி வந்தது. ஒரு தரம் நக்கிப் பார்த்தது. அடுத்த நொடி, மீனோடு சேர்த்து விரலையும் பிடித்துக்கொண்டது.

"கடிக்குது! மதுமதி, என்னைக் கடிக்குது!"

இரத்தம் வந்த விரலைத் தூக்கிக் காட்டி யோகம் சந்தோசத்தில் கத்தினாள்.

அரைத் துண்டு சுறா போனது. அவித்த தண்ணியும் போனது. வெள்ளைச்சி தள்ளாடிக் கூட்டுக்குள் போய்ச் சரிந்து படுத்தது. ஆறும் முண்டியடித்து வாய் வைத்தன. தாய் உதறவில்லை. இரண்டு பெண்களும் நிலத்தில் குந்தியிருந்து, ஒருவர் தோளை ஒருவர் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்தவள் யார் என்று கேட்டால் இரண்டு பேரும் மற்றவளைக் காட்டுவார்கள்.

"இரு பிள்ளை, தேத்தண்ணி போடுறன்" என்று யோகம் எழும்பினாள்.

மதுமதியும் எழும்பிப் பையை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாமக்கா. துடக்கு வீட்டில வாய் நனைக்கிறேல்லை. முப்பத்தொண்டு கழியட்டும், வந்து சோறே சாப்பிடுறன்."

அவள் முகத்தில் பகிடி இல்லை.

யோகமும் சஞ்சயனும் கெல்சென்கிர்ச்சனில் அந்த வீட்டுக்குக் குடிவந்து இருபத்திமூன்று வருடம். எத்தனையோ பேர் வந்தார்கள், எல்லாருக்கும் யோகம் தேத்தண்ணி கொடுத்தாள், எல்லாரும் குடித்துவிட்டுத்தான் போனார்கள். குடிக்காமல் போவதற்கு அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறந்ததில்லை.

கதவைச் சாத்திவிட்டு, வேலையில் இருந்த சஞ்சயனுக்குப் போன் எடுத்தாள்.

வெள்ளைச்சி சாப்பிட்டதை இரண்டாவதாகத்தான் சொன்னாள்.